வாய்ப்புண்ணுக்குக் கீரை மட்டும் போதாது: சமையல்கட்டிலிருந்து ஒரு கேன்சர் வழிகாட்டி

கோட்டூரில் பன்னிரண்டு வருஷமாகச் சின்ன மெஸ் ஒன்று நடத்துகிறேன். பக்கத்திலேயே காந்தி நகரில் கேன்சர் இன்ஸ்டிடியூட். வைத்தியத்துக்காக வெளியூரிலிருந்து வந்து இந்தத் தெருக்களில் ரூம் எடுத்துத் தங்குகிறவர்கள்தான் என்னிடம் சாப்பாடு வாங்குகிறவர்களில் பாதிப் பேர். விழுப்புரம், நெல்லூர், கடப்பா, கொல்கத்தா என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். டிபன் கேரியரை நீட்டும்போதே கேள்வியும் வரும். “அவருக்கு என்னம்மா கொடுக்கலாம்?” “வீட்டுல மத்தவங்களுக்கு வராம இருக்க என்ன சாப்பிடணும்?” நான் டாக்டர் இல்லை. டாக்டர்களும் டயட்டீஷியன்களும் சொன்னதை அடுப்பில் செய்து கொடுத்து, எது தொண்டையில் இறங்கியது, எது இறங்கவில்லை என்று திரும்பி வரும் பாத்திரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவள். அந்த அளவில் இதைப் படியுங்கள்.

அதற்கு முன்னால் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் வேண்டும். ராயபுரத்து வீட்டில் இடது கன்னத்தில் அடக்கி வைத்தபடியேதான் கிரைண்டரில் மாவு தள்ளுவாள். 2011 ஆடி மாதம் அந்தக் கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. “வயித்துச் சூடு” என்றாள். நானும் நம்பினேன். தினமும் மணத்தக்காளிக் கீரை வாங்கி வந்து, பாசிப்பருப்பு போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கூட்டு வைத்துக் கொடுத்தேன். தெருமுனை டாக்டர் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை கொடுத்தார். புண் பெரிதாக வலிக்கவில்லை, அதனால் ஆறிவருகிறது என்று நினைத்தோம். மார்கழியில் கன்னம் வெளியே தடித்த பிறகுதான் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கிற பயாப்ஸிக்குப் போனோம். நடுவில் ஐந்து மாதம் போயிருந்தது.

அந்தக் கீரை மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்றைக்கும் வாரம் ஒருமுறை மெஸ்ஸில் செய்கிறேன். ஆனால் சாப்பாட்டுக்கு எது முடியும், எது முடியாது என்பது அன்றிலிருந்து எனக்குத் தெளிவு. கேன்சர் வருகிற வாய்ப்பைச் சாப்பாடு ஓரளவு குறைக்கும். வந்துவிட்டால் வைத்தியத்தைத் தாங்கும் பலம் கொடுக்கும். வைத்தியத்துக்குப் பதிலாக அதை ஒருநாளும் வைக்காதீர்கள்.

வருவதற்கு முன்

முதலில் பாக்கு. “புகையிலை போடுறதில்ல, வெறும் வெற்றிலை பாக்குதான்” என்று நிறையப் பேர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேராத பாக்கே கேன்சரை உண்டாக்கும் என்று 2004-லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. தமிழ்நாட்டில் 2013-ல் குட்காவுக்குத் தடை வந்தது. ஆனால் வாசனைப் பாக்குப் பொட்டலம் கல்யாணப் பந்தியில் பிள்ளைகள் கைக்கும் போகிறது. சுவாமிக்கு வைக்கிற தாம்பூலத்தை யாரும் குறை சொல்லவில்லை. வைத்ததை வாயில் போட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். என் மெஸ் கல்லாவில் சோம்பு மட்டும்தான் இருக்கும்.

அடுத்தது உப்பு. சென்னையில் யாருக்கு என்ன கேன்சர் வருகிறது என்று கேன்சர் இன்ஸ்டிடியூட் 1980-களிலிருந்து பதிவு வைத்து வருகிறது. நம் ஊர் ஆண்களிடம் வயிற்றுக் கேன்சர் நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்திருக்கிறது. வயிற்றில் தங்கும் ஹெலிகோபாக்டர் கிருமி, சிகரெட் என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு. உப்பில் ஊறிய உணவும் அந்தக் காரணங்களில் ஒன்று. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு எல்லாம் இதில் அடக்கம். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று தேதியை அதன் மேல் பேனாவில் எழுதுங்கள். என் வீட்டில் முதலில் இருபத்தாறு நாளில் தீர்ந்தது. சோற்றுக்கு உப்பு போடுவதை நிறுத்தினேன், ஊறுகாய் ஜாடியை மேஜையிலிருந்து அலமாரிக்கு மாற்றினேன், கருவாட்டை மாதம் ஒன்றாக்கினேன். இப்போது நாற்பத்திரண்டு நாள் வருகிறது. இன்னும் எட்டு நாள் குறைகிறது, பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வடை சுட்ட எண்ணெயை மறுநாளும் காயவைப்பது கூடாது. கடைகளுக்கே, எண்ணெயில் கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்தாலோ, நுரை கட்டினாலோ, சூடேறும் முன்பே புகைந்தாலோ முடிந்தது. நான் மீதியை கேனில் ஊற்றி வைத்து, பயோடீசலுக்கு வாங்கிப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் அதைவிடச் சுலபம்: கொஞ்சமாக எண்ணெய் வையுங்கள், மிஞ்சாது.

வேர்க்கடலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊரில் எந்த டப்பாவுக்குள்ளும் ஈரம் ஏறும். கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல் இவற்றில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்ஸின் என்ற விஷம் உண்டாகும். ஈரல் கேன்சருக்கு அது ஒரு காரணம். வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்த விஷம் முழுதாகப் போகாது. அதனால் பூத்த கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைப் பொடி பண்ணும் வேலை வேண்டாம். சுருங்கியது, பச்சையும் கறுப்புமாகப் பூத்தது, மக்கிய வாடை அடிப்பது, எதுவாக இருந்தாலும் அந்தப் பொட்டலமே குப்பைக்குத்தான். கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.

காய் பழம் ஒரு நாளைக்கு 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் இந்தக் கணக்கில் சேராது. ஒருநாள் தராசில் வைத்துப் பார்த்தேன். மதியம் ஒரு கரண்டி கீரை மசியலும் ஒரு கரண்டி பொரியலும், ராத்திரி சாம்பாரில் நாலு துண்டு பூசணி, சாயங்காலம் ஒரு கொய்யா, ஒரு வாழைப்பழம், இவ்வளவு இருந்தால் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. நம்மில் பலருக்குத் தட்டில் சோறு மலையாகவும் பொரியல் ஊறுகாய் அளவிலும் இருக்கிறது, அதைத்தான் மாற்ற வேண்டும். கிவியும் டிராகன் பழமும் தேவையே இல்லை. தள்ளுவண்டிக் கொய்யாவும் கோயம்பேட்டுக் கீரைக்கட்டும் போதும். காயில் இருக்கிற சத்தை மாத்திரையாக விழுங்கினால் சுலபம்தானே என்று ஒரு பையன் கேட்டான். 1990-களில் பின்லாந்திலும் அமெரிக்காவிலும் புகைப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பெரிய அளவில் பார்த்தார்கள். நுரையீரல் கேன்சர் குறையவில்லை, கூடியது. கேரட்டைப் பொரியலாகவே சாப்பிடுவோம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாசேஜ், சலாமி மாதிரிப் பதப்படுத்திய இறைச்சியை வாங்காதீர்கள். தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் கேன்சர் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்று 2015-ல் கணக்குச் சொன்னார்கள். ஆட்டுக்கறி ஞாயிற்றுக்கிழமையோடு நிற்கட்டும். மீனுக்கு அந்தப் பயம் இல்லை. சாராயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, பீர், ஒயின் எல்லாவற்றுக்கும் இதுதான். உடம்பு பெருத்துப்போவது பதின்மூன்று வகைக் கேன்சரோடு சேர்ந்து வருகிறது, அதனால் நடையும் சமையலில் சேர்த்திதான். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்க்கு ஆகாது. காபியை டபராவில் நாலு ஆற்று ஆற்றிக் குடித்தால் சரியாகிவிடும். பிள்ளைகளுக்குக் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் எதுவும் வாங்கித் தராதீர்கள். ரோடமின் பி என்ற சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டார்கள்.

வாட்ஸ்அப் வைத்தியம்

முள்ளு சீத்தா இலை, கோதுமைப் புல், ஆல்கலைன் தண்ணீர், பாதாமி (ஆப்ரிகாட்) விதை. வாரத்துக்கு ஒருவராவது போனை நீட்டிக் காட்டுகிறார்கள். பாதாமி விதையில் சயனைடு உருவாகும், ஆளையே கொல்லும். இலைக் கஷாயங்கள் கீமோ மருந்தோடு சேர்ந்து ஈரலை என்ன பண்ணும் என்று கஷாயம் கொடுக்கிறவருக்குத் தெரியாது. மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். மஞ்சள் கேப்ஸ்யூல் விழுங்குவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு விழுங்குங்கள். பம்பளிமாஸ் பழமும் சில மருந்துகளின் வேகத்தை மாற்றிவிடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கேடு செய்வது “சர்க்கரையை நிறுத்தினா கேன்சர் பட்டினி கிடந்து செத்துடும்” என்ற செய்தி. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, வீட்டுக்காரருக்குச் சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெள்ளரிக்காயும் மோரும் மட்டும் கொடுத்தார். பாசத்தில்தான் செய்தார். வீட்டுக்காரர் 58 கிலோவிலிருந்து 49-க்கு வந்தார். உடம்பு தாங்காது என்று கீமோவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அந்த அம்மா என் கடை வாசலில் நின்று அழுததை என்னால் மறக்க முடியாது. மாவுச்சத்தை நிறுத்தினால் முதலில் கரைவது நோயாளியின் சதை. சர்க்கரை நோய் இருந்தால் அதற்கான கட்டுப்பாடு வேறு, அதை டாக்டர் சொல்வார்.

வைத்தியம் நடக்கிற நாட்களில்

கீமோ போட்டுக்கொண்டவருக்கு முதல் எதிரி வாசனை. தாளிக்கிற நெடி, வெங்காயம் வதங்கும் வாடை, குக்கர் ஆவி எதுவும் ஆகாது. அவர் தூங்கும்போது அல்லது வெளியே காற்றாட உட்கார்ந்திருக்கும்போது தாளியுங்கள். நான் கட்டிக் கொடுக்கிற ஒவ்வொருவரிடமும் ஒன்று சொல்வேன்: ரூமுக்குள் கேரியரைத் திறக்காதீர்கள். வராந்தாவில் ஒவ்வொரு தட்டாகப் பிரித்து வைத்து, முதல் ஆவி முழுக்கப் போன பிறகு உள்ளே எடுத்துப் போங்கள். மூடியைத் திறந்ததும் குமட்டி எழுந்து போனவர், இப்படிச் செய்ததும் இரண்டு இட்லி சாப்பிட்டார். ஆறிய சாப்பாட்டுக்கு வாடை குறைவு என்பதால் தயிர்சாதமும் ஆறின இடியாப்பமும் இறங்கும்.

வாயில் இரும்பு ருசி அடிக்கிறது என்பார்கள். எவர்சில்வர் தட்டு, டம்ளரை எடுத்துவிட்டுப் பீங்கானோ கண்ணாடியோ கொடுங்கள். மரக்கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வேளை என்ற கணக்கை மறந்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சின்னக் கிண்ணம். கேழ்வரகுக் கஞ்சி, பருப்பு நன்றாக மசித்த பொங்கல், நன்றாக வெந்த முட்டை, பனீர், முள்ளில்லாத மீன், சுண்டலை அரைத்துச் செய்த அடை. புரதம்தான் முக்கியம், வெறும் அரிசிக் கஞ்சி போதாது. இன்னொன்று: அவருக்கு உயிரான பதார்த்தத்தைக் கீமோ அன்று கொடுக்காதீர்கள். அன்றைய குமட்டலோடு அந்த ருசி ஒட்டிக்கொள்ளும். காசிமேட்டு வஞ்சிரக் குழம்பு என்றால் உயிரை விடுகிற ஒருவர், ஊசி போட்ட அன்று அதைச் சாப்பிட்டார். வைத்தியம் முடிந்து வருஷமாகியும் அந்தக் குழம்பின் பக்கம் அவர் போகவில்லை.

வெள்ளை அணு கவுண்ட் இறங்கிய நாட்களில் சுத்தம்தான் சாப்பாடு. பச்சையாக எதுவும் வேண்டாம். நறுக்கி விற்கிற பழம், ரோட்டோர ஜூஸ், பானிபூரி, காலையில் அரைத்து மதியம் வரை வெளியே இருந்த தேங்காய்ச் சட்னி, பழைய சோறு எல்லாம் ஒதுக்குங்கள். தோல் உரிக்கிற பழமாக, வாழையும் சாத்துக்குடியும் வாங்கி, கழுவி, நீங்களே உரித்துக் கொடுங்கள். கேன் தண்ணீரையும் காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள். தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். 100.4 டிகிரி காட்டினால் கஷாயம், பாராசிட்டமால் என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

வாய், தொண்டையில் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தவர்களுக்கு எச்சில் வற்றிவிடும், உள்ளே வெந்து புண்ணாகும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து வைத்துக்கொண்டு, சாப்பிடும் முன்னும் பின்னும் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ரசம், தக்காளி, ஆரஞ்சு, மிளகாய் எல்லாம் எரியும். இட்லியைப் பாலில் ஊறவைத்துப் பிசைந்தது, தேங்காய்ப்பால் விட்டுக் குழைத்த சோறு, நெய் விட்ட பருப்புத் தண்ணீர் இறங்கும்.

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தார்கள். முதல் நாள் நான் கஞ்சியைச் சிரிஞ்சில் எடுத்துப் பின்பக்கம் அழுத்தித் தள்ளினேன். அம்மா இருமி, கண் பிதுங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நர்ஸ் ஓடி வந்து சரியாகச் செய்து காட்டினார். அதை அப்படியே எழுதுகிறேன். ஆளை நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுத்தபடி ஊற்றவே கூடாது. டியூப் இடம் மாறவில்லை என்று அவர்கள் கற்றுக்கொடுத்த விதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் 30 மில்லி தண்ணீர். பிறகு 50 மில்லி சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, வெறும் குழாயை டியூபில் பொருத்தி, கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக் கஞ்சியை ஊற்றுங்கள். அது தானாக இறங்கட்டும், கைவேலை எதுவும் வேண்டாம். சீக்கிரம் போக வேண்டுமானால் கையை உயர்த்துங்கள், மெதுவாகப் போக வேண்டுமானால் தாழ்த்துங்கள். ஒரு வேளைக்கு 200 மில்லி அளவு. முடிந்ததும் மறுபடி தண்ணீர், இல்லாவிட்டால் டியூபுக்குள் கஞ்சி காய்ந்து அடைத்துவிடும். அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும். கஞ்சியை மல் துணியில் இரண்டு முறை வடிகட்டுவேன். வறுத்த பாசிப்பருப்பு, கேழ்வரகு, பொட்டுக்கடலை மாவு, பால். உடம்புச் சூட்டுக்கு ஆறியிருக்கிறதா என்று மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன், குழந்தைக்குப் பார்க்கிற மாதிரி. எவ்வளவு, எத்தனை முறை என்பதை உங்கள் டயட்டீஷியனிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, எடை, ஜுரம், என்ன சாப்பிட்டார், எத்தனை முறை வாந்தி, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும். ஒ.பி.யில் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும், அந்த நோட்டு மறக்காது. வாரம் ஒருமுறை ஒரே தராசில், ஒரே நேரத்தில் எடை பாருங்கள்.

“சாப்பிடு, சாப்பிடு” என்று பின்னாலேயே போகாதீர்கள். அம்மா ஒருநாள் சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: ‘நீ கொஞ்ச நேரம் சும்மா உட்காரு.’ அதன் பிறகு கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பேன். பாதி இறங்கினால் அன்றைக்கு அது போதும்.

இது ஒட்டுவாரொட்டி கிடையாது. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்காதீர்கள். எங்கள் உறவில் ஒரு பெரியம்மா அம்மாவுக்குத் தனித் தட்டு எடுத்து வைத்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டாள். நோய் கொடுத்த வலியைவிட அது பெரிதாக இருந்தது. பிள்ளைகளிடமும் மறைக்காமல், அவர்கள் வயதுக்குத் தகுந்த மாதிரி சொல்லிவிடுங்கள். பாட்டிக்குக் கேன்சர், வைத்தியம் நடக்கிறது, நீ எதுவும் பண்ணினதால் வரவில்லை, மடியில் உட்காரலாம். இந்த நாலு வாக்கியம் என் பையனுக்குப் போதுமாக இருந்தது.

கூட இருக்கிறவர் சாப்பிட்டாரா என்று யாரும் கேட்பதில்லை. பிஸ்கட்டும் டீயுமாக மூன்று மாதம் ஓட்டி, கடைசியில் மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நோயாளிக்குக் கஞ்சி வாங்க வருகிறவரிடம் “உனக்கு?” என்று கேட்காமல் நான் அனுப்புவதில்லை. அண்ணன் தம்பிகள் முறை போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஒருவர், காசு கணக்குக்கு ஒருவர், போனில் உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்ல ஒருவர். எல்லாவற்றையும் வீட்டு மருமகள் தலையில் கட்டினால் அவள் உடைந்துபோவாள்.

காசு விஷயம்: வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை கிடைக்கும். வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு முதலிலேயே பதிந்துவிடுங்கள். அட்மிஷன் போட்ட பிறகு அலையாதீர்கள். வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவருக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் டிக்கெட் இலவசம், கூட வருகிறவருக்கு 75 சதவீதச் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு வைத்தியச் செலவுக்காக 40,000 ரூபாய் வரை, நோயாளி அறுபது வயதைத் தாண்டியவராக இருந்தால் 1 லட்சம் வரை கழிவு உண்டு.

உதவ நினைக்கிறவர்களுக்கு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் கேன்சரில் இறந்தார். முதலில் சீதபேதி என்றுதான் வைத்தியம் பார்த்தார்களாம். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு மணத்தக்காளிக் கீரைதான் ஞாபகம் வந்தது. முப்பது வருஷம் அந்தத் துக்கத்தைச் சுமந்து, ஊரெல்லாம் நன்கொடை திரட்டி, 1954-ல் அடையாறில் பன்னிரண்டு படுக்கையோடு அந்த அம்மா ஆரம்பித்ததுதான் இந்த ஆஸ்பத்திரி. மறுவருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் காலமாகும் வரை அங்கேயே இருந்தார். மக்கள் கொடுத்த பணத்தில் எழுந்த கட்டிடம் அது. அதனால் நம்முடைய நூறு ரூபாய்க்கும் அங்கே வேலை இருக்கிறது.

பிறந்தநாள், திதி என்றால் புளியோதரையும் கேசரியும் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். நல்ல மனசு. ஆனால் புண் வந்த வாயால் புளியோதரை சாப்பிட முடியாது. ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்கிற மாதிரி செய்யுங்கள். இல்லையென்றால் உணவு நிதிக்குக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ‘குழந்தைக்கு அவசரம்’ என்று போனில் வருகிற செய்திக்குப் பணம் போடும் முன், நோயாளி எண்ணைக் கேட்டு ஆஸ்பத்திரி கணக்கிலேயே நேராகக் கட்டுங்கள்.

பணத்தைவிட அவசரமாகத் தேவைப்படுவது தட்டணு, பிளேட்லெட் என்பார்களே, அது. எடுத்த பிறகு ஐந்து நாள்தான் தாங்கும், அதனால் சேர்த்து வைக்க முடியாது. பதினெட்டு வயதுக்கு மேல், நல்ல உடம்பு, 50 கிலோவுக்கு மேல் எடை, மூன்று நாளாக ஆஸ்பிரின் சாப்பிடாமல் இருந்தால் பெரும்பாலும் கொடுக்கலாம். மெஷினில் ஒன்று ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். ரத்தத்துக்கு மூன்று நான்கு மாத இடைவெளி வேண்டும், இதற்கு அவ்வளவு வேண்டாம். என் பையன் தரமணியில் வேலை பார்க்கிறான். அவன் ஆபீஸ் பசங்க எட்டுப் பேர் முறை வைத்துக்கொண்டு போகிறார்கள். தெலுங்கு, வங்காளம், இந்தி தெரிந்தவர்கள் வாரத்தில் ஒரு காலை நேரம் கவுண்டர் பக்கத்தில் நின்று, பாஷை தெரியாதவர்களுக்கு எந்த வரிசை, எந்த மாடி என்று சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பார்க்கப் போகும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வேண்டாம். “நாளைக்கு நான் துணைக்கு இருக்கேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு” என்று சொல்லுங்கள்.

வாயைத் திறந்து பாருங்கள்

அம்மா 2015-ல் போனாள். அதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எல்லோரும் வாய் பார்த்துக்கொள்வோம். இரண்டு நிமிஷ வேலை. கையைக் கழுவிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, போன் டார்ச்சை அடியுங்கள். உதட்டை மேலும் கீழும் மடித்துப் பாருங்கள். கன்னத்தை விரலால் விலக்கி உட்பக்கம், பிறகு ஈறு, பிறகு நாக்கின் இரண்டு ஓரமும், நாக்கைத் தூக்கி அடியிலும், அண்ணாக்கும். வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, தடிப்பு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், இதில் எது இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், டாக்டரிடம் காட்டுங்கள். கடைசியில் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். நுழைய வேண்டும். பாக்குப் போடுகிறவர்களுக்கு வாய் இறுகி இரண்டு விரல்தான் போகும் நிலை வந்தால் அது எச்சரிக்கை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாயும், பெண்களுக்கு மார்பும் கர்ப்பப்பை வாயும் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

போன மாசி மாதம், கஸ்தூர்பா நகர் ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற ஒரு தம்பி சாப்பிட வந்தார். சாம்பார் எரிகிறது, வெறும் மோர் சோறு கொடுங்கள் அக்கா என்றார். ஒரு மாதமாகவா என்று கேட்டேன், ஆமாம் என்றார். விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டுதான் போனது. மோர் சோற்றைப் போட்டுக் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு, மெஸ்ஸைத் தங்கையிடம் விட்டுவிட்டு, அவர் ஆட்டோவிலேயே ஏறி அவரோடு சீட்டு வாங்கப் போனேன்.